13,000 ஆய்விதழ்கள் முண்டியம்பாக்கம் வரை வந்துவிட்டன... திண்டிவனம் கிளினிக்குக்கு எப்போது?

“டாக்டரம்மா, சுகர் மாத்திரைய தொடர்ந்து போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே... வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதான் பத்து நாளா நிறுத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க ஐயா? இப்போ சுகர் எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க!”

திண்டிவனத்தில் எந்த கிளினிக் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது. விழுப்புரம், செஞ்சி, மரக்காணம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

முதலில் அந்த ஐயாவின் சந்தேகத்துக்கு விடை சொல்லிவிடலாம். சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை, நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுப்பாடு இல்லாமல் ஏறிக்கிடக்கும் சர்க்கரைதான் கெடுக்கும். ஆனால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பொய்க்குள் இப்படி ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பொய்யை நம்புவது எளிதாக இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற கணக்கும் நிலையானது இல்லை. முன்பு ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தார்கள். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016 ஏப்ரலில் மாற்றிச் சொன்னது. இந்த அறிவிப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால், மருத்துவ அறிவிப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் போனால், பல இடங்களில் திரையில் ஒரு பூட்டு தெரியும். ‘இந்தக் கட்டுரையைப் படிக்க 30 டாலர் அல்லது 40 டாலர் செலுத்தவும்’. நம்ம பணத்தில் ஒரே ஒரு கட்டுரைக்கு 2,500 ரூபாய்க்கு மேல். ஐயாவுக்கு வந்த ஃபார்வர்டுக்குக் காசு கிடையாது.

பொய் இலவசமாகவும் அதைச் சரிபார்க்கும் ஆதாரம் பூட்டுக்குப் பின்னாலும் இருப்பதுதான் இங்கே பிரச்சினை. இந்தப் பூட்டை இந்திய அரசு ஒரு பக்கமாகத் திறந்திருக்கிறது. யாருக்குத் திறந்தது, யார் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’: யாருக்கு, எவ்வளவு?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பி.எம்.ஜே. உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் இருக்கும் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவைச் சார்ந்த இன்ஃபிளிப்நெட் மையம் இதை நிர்வகிக்கிறது.

தொகையைக் கேட்டதும் தலை சுற்றும். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 2,000 கோடி. தலைக்கு ஆண்டுக்கு சுமார் 1,100 ரூபாய். ஒரு கட்டுரையின் தனி விலையைவிடக் குறைவு! முன்பு ஐ.ஐ.டி. ஒரு சந்தா, மத்தியப் பல்கலைக்கழகம் ஒரு சந்தா, மருத்துவ நிறுவனங்கள் ஒரு சந்தா என்று ஒரே இதழுக்கு நாடு பல தடவை பணம் கட்டிக்கொண்டிருந்தது. மொத்தமாகப் பேரம் பேசுவதில் லாபம் உண்டு என்பது திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டைக் கணக்கில் வாங்குபவருக்கும் தெரியும்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் என்ன கிடைத்தது? மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான் முதல் கட்டம். அந்த வரையறைக்குள் 2010-ல் தொடங்கப்பட்ட முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வரும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும், இரண்டு ஊரிலும் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளும் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கமான திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இது சின்ன விஷயம் இல்லை. இத்தனை நாளும் இந்த மாவட்டத்து மாணவர் ஒரு நல்ல கட்டுரை வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மரில் படிக்கும் நண்பரிடம் “மச்சி, இந்த பி.டி.எஃப். மட்டும் எடுத்து அனுப்புடா” என்று கெஞ்ச வேண்டும். ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் தூரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. படிக்கக் கிடைத்ததில்தான் அவ்வளவு வித்தியாசம். இரண்டாம், மூன்றாம் நிலை ஊர்களில் இருக்கும் கல்லூரிகளுக்கு இதழ்களைக் கொண்டுசேர்ப்பதே நோக்கம் என்று மத்திய அரசும் சொன்னது. அந்த வகையில் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

வாங்கியதா, வாடகையா?

ஆய்விதழ் வியாபாரம் விநோதமானது. எழுதும் பேராசிரியருக்குப் பதிப்பகம் சம்பளம் தராது. சரிபார்க்கும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. ஆய்வுக்கான செலவில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணம். கடைசியில் அதே கட்டுரையை வாங்க அரசுக் கல்லூரி நூலகம் திரும்பவும் வரிப்பணத்தைக் கட்ட வேண்டும்.

அச்சு இதழ் வந்த காலத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் கட்டுப்போட்டு அலமாரியில் இருக்கும். இணையச் சந்தா அப்படியில்லை. அது பெரும்பாலும் வாடகை வீடு மாதிரி. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, வாடகை நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். இப்போதைய ஒப்பந்தம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பேரத்தில் பதிப்பகங்கள் கூடுதலாகக் கேட்டால், அதற்குள் பழகிப்போன 6,300 நிறுவனங்களை வைத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல அரசுக்குத் துணிச்சல் வருமா?

இந்த வியாபாரத்தை உடைத்துப் பார்த்தவர் கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான். 2011-ல் அவர் தொடங்கிய சை-ஹப் தளம் பூட்டிய கட்டுரைகளை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தது. சட்டப்படி அது காப்புரிமை மீறல். ஆனால், இந்தியாவில் அதைத் தொடாமல் முனைவர் பட்டம் முடித்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்ட்டில் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சந்தாவுக்குள் இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. வெளியே இருப்பவருக்கு, இருந்த ஒரே கொல்லைப்புறக் கதவும் சாத்தப்பட்டது.

பூட்டே இல்லாத ‘திறந்த அணுகல்’ இதழ்களும் உண்டு. அதில் படிப்பவர் காசு தர வேண்டாம். பல இதழ்களில் எழுதுபவர் தர வேண்டும். நேச்சர் இதழ் 2021-ல் இதற்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். திண்டிவனம் கல்லூரிப் பேராசிரியர் என்ன செய்வார்? இதற்காகவே புதிய திட்டத்தில் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். சந்தாவுக்குப் போகும் 2,000 கோடியோடு ஒப்பிட்டால் இது ஊறுகாய் அளவுதான்.

எக்கியார்குப்பத்தில் தேவைப்பட்ட அறிவு

இதெல்லாம் படித்தவர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2023 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில் இன்னும் பெரிய அளவில் அதே சோகம். அறுபதுக்கும் மேற்பட்டோர் பலி.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் வேலையைக் காட்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். சாதாரண சாராயத்தோடு கலந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகும். அதுவரை வெறும் போதை போலத்தான் இருக்கும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, ‘கண்ணு மங்கலாத் தெரியுது’ என்ற புகார். அந்த நேரத்தில் எலுமிச்சை, மோர் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் பார்வை நரம்பும் போகும், உயிரும் போகும். மருத்துவமனையில் மாற்று மருந்து உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, மருத்துவர் அளந்து கொடுக்கும் எத்தனாலையோ வைத்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுப்பார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். எல்லாமே எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தது.

இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் யார் யார்? முண்டியம்பாக்கத்தில் இருக்கும் பேராசிரியர் நிச்சயமாக. ஆனால், நோயாளி முதலில் போவது பக்கத்து ஊர் தனியார் கிளினிக்குக்கு, அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அவரை முதலில் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், 108 ஆம்புலன்ஸ் ஊழியராக இருக்கலாம், மருந்துக் கடைக்காரராகக்கூட இருக்கலாம். இவர்களில் ஒருவருக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’வில் இடமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் உயர்கல்வி நிறுவனம் கிடையாது. திண்டிவனத்து டாக்டரம்மா தனியார். அரசு மருத்துவமனையில் நடந்த சிகிச்சையைப் பற்றி அரசு மருத்துவர் எழுதி, பூட்டிய இதழ் ஒன்றில் வெளிவந்தால், நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறுநாள் அதே மாதிரி நோயாளியைப் பார்க்கப் போகும் மருத்துவர் அதைப் படிக்க 30 டாலர் கட்ட வேண்டும்.

முண்டியம்பாக்கத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வெளியே கிளினிக் வைக்கும் இளம் மருத்துவரின் நிலையும் இதுதான். படிக்கும் வரை 13,000 இதழ்கள். கல்லூரிக் கணக்கு மூடிய நாளில் பூஜ்யம். உண்மையான நோயாளிகளைத் தனியாகப் பார்க்கத் தொடங்கும் நாளும் அதுதான்!

நல்லதுக்குப் பூட்டு, கெட்டதுக்கு வாசல் திறப்பு

பூட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தங்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023-ல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கும் மேல் ஒரே பதிப்பகத்தின் கட்டுரைகள். வைலி வாங்கியிருந்த ஹிந்தாவி. காசு கொடுத்தால் கட்டுரை எழுதித் தரும் ‘ஆலைகள்’ இருப்பது அப்போதுதான் வெளியே பரவலாகத் தெரிந்தது.

இதைக் கண்டுபிடித்த விதங்களில் ஒன்று சுவாரசியமானது. அடுத்தவர் கட்டுரையை மென்பொருளில் போட்டு வார்த்தைகளை மாற்றினால், அது தெரியாத்தனமாகக் கலைச்சொல்லையும் மாற்றிவிடும். ‘செயற்கை நுண்ணறிவு’ என்பது ‘போலிப் பிரக்ஞை’ ஆகும். ‘மார்பகப் புற்றுநோய்’ என்பது ‘நெஞ்சு அபாயம்’ என்ற மாதிரி ஏதோ ஆகும். தமிழில் படித்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆங்கிலத்தில் இதே தரத்தில் அச்சான கட்டுரைகளை ‘நிபுணர்கள்’ சரிபார்த்து அனுமதித்திருந்தார்கள். பிரான்ஸைச் சேர்ந்த கில்லோம் கபனாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-ல் இப்படிப்பட்ட ‘சித்திரவதைச் சொற்றொடர்’களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் பதிப்பகங்கள் விழித்துக்கொண்டன.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்டார்கள். உடனே ‘மூன்றே நாளில் வெளியிடுகிறோம், 1,500 ரூபாய் ஜிபே பண்ணுங்க’ என்று இதழ்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு ‘கேர்’ என்று ஒரு தரப்பட்டியல் வைத்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. பெரிய பல்கலைக்கழகத்துக்கு இது சுதந்திரம். ஒரு துறையில் நாலைந்து ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் மாவட்டக் கல்லூரிக்கு இது தலைவலி. எது அசல், எது போலி என்று யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒரு மோசமான கட்டுரை எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு, 1998-ல் லான்செட் இதழில் வந்த, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் தொடங்கியது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால், 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, தடுப்பூசிக்கு எதிரான வாட்ஸ்அப் செய்திகள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தன. “எங்க புள்ளைக்குப் போட வேணாம் டீச்சர்” என்று பெற்றோர்கள் எழுதிக் கொடுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டிவந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்ட செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லையே!

மணிலாக்கொட்டை சொல்லும் பாடம்

திண்டிவனத்துக்கே சொந்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. நிலக்கடலை பயிரிடும் எவருக்கும் ‘டி.எம்.வி.’ ரகங்கள் தெரியும். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரகம் 1940-லும், டி.எம்.வி. 7 ரகம் 1967-லும் வெளிவந்தன. தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பேர் வாங்கிய ரகங்கள். இப்படி ஆராய்ச்சி நடந்த ஊரிலேயே, கடலை எண்ணெய் பற்றி இன்று மக்களுக்குக் கிடைக்கும் தகவல் எது?

“மரச்செக்கு எண்ணெய் எவ்வளவு வேணா ஊத்திக்கலாம், கொலஸ்ட்ரால் கிடையாது, ஹார்ட்டுக்கு நல்லது.” யூடியூபைத் திறந்தால் இதுதான். கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது என்பது சரி. எந்தத் தாவர எண்ணெயிலும் கிடையாது. ஆனால், செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. சரியாகக் காயாத, பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும், ஒரு பகுதி எண்ணெயிலும் வரும். சுத்திகரித்தால் போய்விடும், செக்கு எண்ணெயில் அந்த வேலை இல்லை. ஆகவே செக்கு எண்ணெய் வாங்குபவர் பார்க்க வேண்டியது செக்கு மரமா, இரும்பா என்பதைவிட, உள்ளே போன கடலை காய்ந்ததா, கறுத்ததா என்பதைத்தான். செக்கு எண்ணெய் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல கடலையைக் காயவைத்து ஆட்டினால் பிரச்சினை இல்லை.

இந்தத் தகவல் எதுவும் ரகசியம் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ நூறாண்டுக்கு மேற்பட்ட இதழ். அதன் பழைய கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பூட்டு இல்லாமலும் மக்களிடம் போய்ச் சேரவில்லை. காரணம் எளிது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது, ‘இங்கே இருக்கு, வந்து பாருங்க’ என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே நாளைக்கே எல்லாப் பூட்டையும் உடைத்தாலும் வேலையில் பாதிதான் முடியும்.

நூலகத்தின் பங்கு என்ன?

சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நம்முடையது. ஆண்டு 1948; பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. அதாவது திண்டிவனத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ மூன்று கட்டங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் கட்டம் அரசு நிறுவனங்கள். இரண்டாம் கட்டம் தனியார் கல்வி நிறுவனங்கள். மூன்றாம் கட்டம்தான் முக்கியம்: தேர்ந்தெடுக்கப்பட்ட பொது நூலகங்களில் எந்தக் குடிமகனும் உட்கார்ந்து படிக்கும் வசதி. அது நடந்தால் டாக்டரம்மா மாலை கிளினிக்கை முடித்துவிட்டு விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்தில் தனக்கு வேண்டிய கட்டுரையைப் படிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் படிக்கலாம். தன் மகளின் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கும் அப்பா படிக்கலாம்.

இன்றைக்கு நம் நூலகங்களுக்குள் போனால் கூட்டம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வு, நீட் என்று பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் படிக்கிறார்கள். அது தேவையான வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், “எங்க அம்மாவுக்கு இந்த நோய்னு சொல்றாங்க, இதைப் பத்தி நம்பகமா எங்கே படிக்கலாம் சார்?” என்று கேட்டால் வழிகாட்டுவதற்கு நூலகர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோமா? மருத்துவ நூலகர் என்று ஒரு தனிப் படிப்பும் தொழிலும் மேலைநாடுகளில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அங்கே பொது நூலகத்திலும் உடல்நலத் தகவல் கேட்டு வருவது சகஜம். இங்கே சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வேலை செய்யும் ஊர்ப்புற நூலகரிடம் கணினி, இணையம், மருத்துவத் தகவல் எல்லாவற்றையும் தலையில் கட்டினால் அது நடக்கிற காரியம் இல்லை. மாவட்டத்துக்கு ஒருவர் போதும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி நூலகத்தையும் மாவட்ட மைய நூலகத்தையும் இணைத்து, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மேசை போட்டால்கூட நல்ல தொடக்கம். இது என் யோசனை; செலவு அதிகம் ஆகாது.

தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1850-களிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தன் மாணவர்களோடு உடற்கூறு நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை காக்ரேன் அமைப்பு செய்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அதன் சுருக்கங்களில் சில தமிழிலும் கிடைக்கின்றன. வேலூர் சி.எம்.சி.க்கு இந்த அமைப்போடு நீண்டகாலத் தொடர்பு உண்டு.

‘ஏ.ஐ.கிட்ட கேட்டா போதாதா?’

“இவ்வளவு எதுக்கு சார்? சாட்ஜிபிடில தமிழ்லயே கேட்டா சொல்லுதே!” என்பார்கள் கல்லூரிப் பிள்ளைகள். சொல்கிறதுதான். கடினமான அறிக்கையை எளிமையாக்கிச் சொல்வதில் அது கெட்டிக்காரன். ஆனால், ஆதாரம் கேட்டால், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ் பெயர், ஆண்டு எல்லாம் போட்டுக் கம்பீரமாகக் கொடுக்கவும் செய்யும். அந்த மாதிரிக் கட்டுரையைக் கேட்டு வருபவர்களிடம் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்வதே இப்போது உலகெங்கும் நூலகர்களுக்குப் புது வேலையாகிவிட்டது. தமிழில் நல்ல மருத்துவத் தகவல் இணையத்தில் குறைவு என்பதும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரம் தேடும் கிணற்றிலேயே தண்ணீர் கம்மி.

கைவசம் இருப்பதைப் பயன்படுத்தலாம். பப்மெட் என்ற அமெரிக்க அரசின் தேடுதளம் இலவசம். கட்டுரைச் சுருக்கம் பெரும்பாலும் கிடைக்கும். ‘பப்மெட் சென்ட்ரல்’ பகுதியில் முழுக் கட்டுரையும் உண்டு. கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் தலைப்பின் மேலேயே எழுதியிருக்கும்; அதை முதலில் பாருங்கள். பூட்டியிருந்தால் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். பலர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள், அதில் தவறும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ தளம் இருக்கிறது. இதெல்லாம் முடியாதவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் கேட்டாலும் சரி. மாத்திரையை நிறுத்திய பத்து நாளில் ஒரு நாள் அந்த ஐயா இதில் ஏதாவது ஒன்றைச் செய்திருக்கலாம்.

அவருக்கு டாக்டரம்மா கிரியாட்டினின் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சந்தா ஒப்பந்தம் முடியும் 2027 டிசம்பருக்குள் மூன்றாம் கட்டம் விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்துக்கு வந்து சேர்கிறதா என்பதை மாவட்டத்தின் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.க்களிடமும் நாம் இப்போதிருந்தே கேட்கத் தொடங்கலாம். நூலக வரி ரசீது நம் கையில்தானே இருக்கிறது.